வெள்ளையம்மாவின் இடது கை

கலாமணி எப்படி உட்கார்ந்தாள் என்பதுதான் இந்தக் கதை. உட்காருவதில் என்ன பெரிய கதை என்று கேட்கிறவர்கள், எங்கள் ஓடைப்பாளையத்துத் தறிக்குடோனில் ஒரே ஒரு ஷிப்ட் நின்று பார்த்துவிட்டு வந்து மீதியைப் படிக்கலாம், நாங்கள் காத்திருக்கிறோம். காவிரிக்குப் பக்கத்தில், சாயத்தண்ணீர் நாளுக்கொரு நிறமாக ஓடுகிற ஓடையின் இரண்டு கரையிலும், துண்டும் லுங்கியும் நெய்கிற தறிகள் பகலும் இரவும் டடக் டடக் என்று அடித்துக்கொண்டே இருக்க, அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பழகிப்போய், ரகசியத்தைக்கூட ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்கிற ஜனங்கள் நாங்கள். நாற்காலி என்றால் எங்களுக்குக் கல்யாண மண்டபம்தான் நினைவுக்கு வரும். தறிக்கு முன்னால் உட்கார்ந்தால் நூல் அறுந்தது கண்ணுக்குத் தெரியாது என்று முதலாளிமார் சொல்லி, அவர்களுடைய அப்பன்மார் சொல்லி, கடைசியில் நாங்களும் எங்கள் பிள்ளைகளுக்கு அதையே சொல்லத் தொடங்கியிருந்தோம்.

அர்த்தநாரி முதலாளியின் குடோனுக்கு நேர் எதிரே, ரோட்டையும் சாக்கடையையும் தாண்டினால் ஆரம்பப் பள்ளி. இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அதில் ஒருவர் எப்போதும் ஏதாவது கூட்டத்துக்குப் போயிருப்பார். மிச்சமிருப்பவர் அமலோற்பவம் டீச்சர். திண்டுக்கல் பக்கத்துக்காரர். சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டு அலுத்து, கேட்பதை விட்டு, வலது முழங்காலில் ஒரு வலியைச் சுமந்துகொண்டு இரண்டு பஸ் மாறி வந்து, தறிச் சத்தத்துக்கு மேலே தொண்டை கிழிய ஐந்து வகுப்புக்கும் பாடம் சொல்லிவிட்டுப் போகிறவர்.

ஆடிக்காற்று புழுதியை அள்ளிப் போட்ட ஒரு நாள், பள்ளிக்கு ஓர் எலும்புக்கூடு வந்து இறங்கியது. பிளாஸ்டிக்கில் செய்தது. ஆள் உயரம், கீழே சக்கரம் வைத்த கம்பியில் மண்டையோட்டைக் கோத்து நிறுத்தியிருந்தார்கள். ஒன்றாம் வகுப்பு ஒட்டுமொத்தமாக அழுதது. இரண்டாம் வகுப்பு மேசைக்கடியில் போய்ப் புகுந்துகொண்டது.

"பயப்படாதீங்க பிள்ளைகளா, இது உங்களுக்குள்ள இருக்கிறதுதான், வெளிய வந்து நிக்குது, அவ்வளவுதான். எல்லாரும் வரிசையா வந்து கை குடுங்க" என்று சொல்லிவிட்டு, டீச்சரே முதலில் அதன் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிய மாத்திரத்தில் அவர் முழங்காலில் வருடக்கணக்காகக் குடியிருந்த வலி எழுந்து, கை வழியாக எலும்புக்கூட்டுக்குப் போய்விட்டது. டீச்சர் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். காலை ஒரு தடவை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி, மனித உடலில் இருநூற்றாறு எலும்புகள் என்று எழுதினார்.

அடுத்த வாரம் நரம்பு மண்டலம். டீச்சரால் சத்தம் போட முடியாத நாட்களில் அவர் விளையாட்டு வைப்பார். பிள்ளைகளை எல்லாம் கைகோத்து வரிசையாக நிற்கச் சொன்னார். ஒரு முனையில் நிற்பது கால்விரல், மறுமுனையில் நிற்பது மூளை, நடுவில் நிற்பதெல்லாம் நரம்பு. கால்விரலை முள் குத்தியது என்று டீச்சர் சொன்னதும், கால்விரல் பக்கத்துக் கையை அழுத்த, அந்தக் கை அதற்கடுத்த கையை அழுத்த, அழுத்தல் ஓடிப்போய் மூளையிடம் சேர்ந்ததும் மூளை மணியடிக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் ஒருவன் அழுத்தலை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

"நீ ஏன்டா வெச்சிருக்க? அது உனக்கு வந்தது இல்ல, வேற ஆளுக்கு வந்தது. நடுவுல நிக்கிறவங்க வெச்சுக்கக் கூடாது, கடத்தி விட்டுரணும்" என்றார் டீச்சர்.

மூளையாக நிற்பது எப்போதும் ஐந்தாம் வகுப்பு மௌனிகா. தறிச் சத்தத்தையே ஜெயித்துப் பேசுகிற ஒரே பிள்ளை என்பதால் அந்தப் பதவி அவளுக்குத் தானாக வந்துவிட்டது. அவள்தான் கேட்டாள்:

"ஏனுங் டீச்சர், நடுவுல சேதி நின்னு போச்சுன்னா மூளை என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. எல்லாம் நல்லா இருக்குன்னு நினைச்சுக்கிட்டு சும்மா இருக்கும்."

மௌனிகாவுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவளுக்கு வேறு அவசரம் இருந்தது. கதவிடுக்கில் நசுங்கிய தன் விரலில், எலும்புக்கூட்டிடம் கை கொடுத்ததும் வலி விட்டுப்போனதை அவள் கவனித்திருந்தாள். சாயங்காலம் எதிர்க் குடோனில் ஷிப்ட் முடிந்து வந்த அம்மாவைப் பள்ளிக்குள் இழுத்து வந்துவிட்டாள். கலாமணிக்கு முப்பதைத் தாண்டிச் சில வருடம்தான் ஆகியிருந்தது, இடுப்புக்கு மட்டும் அறுபது. வீட்டுக்காரன் சூரத்துக்கு லாரியில் போனவன், இன்னும் வந்துகொண்டே இருக்கிறான். தலைமுடி, புருவம் எல்லாம் பஞ்சுத்தூள் படிந்து, நின்றபடியே தூங்கிவிடுவாள் போலிருந்தவள், பிள்ளையின் தொந்தரவு பொறுக்காமல் அந்தப் பிளாஸ்டிக் கையைப் பிடித்தாள்.

"ஐயோ கண்ணு, என்ற இடுப்பக் காணோம்டி" என்றாள்.

மறுநாள் அவளோடு நாலு பேர் வந்தார்கள், அதற்கு மறுநாள் குடோனே வந்தது, வாரம் முடிவதற்குள் பள்ளிக் கதவிலிருந்து ரேஷன் கடை வரைக்கும் வரிசை நின்றது. எந்த வரிசையிலும் சண்டை போடாமல் நிற்கத் தெரியாத நாங்கள் இந்த வரிசையில் மட்டும் அடக்கமாக நின்றோம், ஏனென்றால் முன்னால் நிற்கிறவருக்கு என்ன வலி என்று பின்னால் நிற்கிறவருக்குத் தெரிந்திருந்தது. எலும்புக்கூடு ஆணா பெண்ணா என்று ஒரு விவாதம் வந்தது. இடுப்பெலும்பைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று டீச்சர் ஆரம்பித்தார், அதற்குள் கலாமணி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஆம்பளையா இருந்தா இத்தன நேரம் நின்னிருக்குமா? டீக்கடைக்குப் போயிருக்கும்" என்றாள். அன்றிலிருந்து வெள்ளையம்மா என்று பெயராகிவிட்டது. பொம்பளையை இப்படி நிறுத்தி வைப்பது நன்றாக இல்லை என்று தறியிலிருந்து ஒரு துண்டை அறுத்து வந்து இடுப்பில் கட்டினார்கள். பாட நேரத்தில் டீச்சர் துண்டை அவிழ்ப்பார், நாலு மணிக்கு மேல் யாராவது கட்டிவிடுவார்கள்.

வெள்ளையம்மாவை எங்களுக்குத் தெரிந்த விதத்தில் நடத்தினோம், அதாவது ஷிப்ட் போட்டோம். பகல் ஷிப்ட்காரர்களுக்குச் சாயங்காலம், இரவு ஷிப்ட்காரர்களுக்குக் காலையில் பள்ளி திறப்பதற்கு முன்னால். மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் முதலிடம், தலைவலிக்காரர்கள் டீ குடித்துப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். கல்யாணத் தரகர்கள் பெண் தறிக்கு முன்னால் நிற்பாளா என்று கேட்பதை விட்டுவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் வலித்தைலப் பாட்டில்களை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டு பிஸ்கட் வாங்கிப் போட்டார். எல்லா வலியையும் வாங்கிக்கொண்ட வெள்ளையம்மா அவருடைய வயிற்றெரிச்சலை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

புரட்டாசி பிறந்தபோது வெள்ளையம்மாவுக்கு முதுகு வளைந்திருந்தது. முதலில் தலை சற்றுத் தொங்கியது, பிறகு தோள் முன்னால் சரிந்தது, பிறகு முழங்கால் இரண்டும் மடங்கி, கம்பிதான் அவளைத் தாங்குகிறதே தவிர அவளாக நிற்கவில்லை என்பது ஒன்றாம் வகுப்புக்கே தெரிந்தது. நகர்த்தினால் மூட்டுகள் கிரீச்சிட்டன. கிரீச்சிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்களுக்கா தெரியாது? குடோனிலிருந்து தறி எண்ணெய் கொண்டுவந்து மூட்டுக்கு மூட்டு விட்டோம். எண்ணெயில் பஞ்சுத்தூள் ஒட்டி, சக்கரமெல்லாம் களிம்பு பிடித்து, அவள் நின்ற இடத்தைவிட்டு நகர மாட்டாமல் போனாள். முதுகு ரொம்பவும் தொங்கியபோது குடோன் மேஸ்திரி வந்து, ஓடாத தறியிலிருந்து கழற்றிய ஒரு ஸ்பிரிங்கை முதுகெலும்புக்கு நடுவே வைத்து முறுக்கிக் கட்டினார். பிள்ளைகள் இதைப் பார்த்துத்தான் எலும்பு மண்டலம் படித்தார்கள். பாடப்புத்தகத்தில் நிமிர்ந்து நிற்கிற படத்தைக் காட்டி, "இவங்க எந்த ஊருங் டீச்சர்?" என்று இரண்டாம் வகுப்பு கேட்டது.

வலி போன இடத்தில் சுகம் வந்து உட்காரும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். வந்து உட்கார்ந்தது வேலை. அர்த்தநாரி முதலாளி கெட்டவர் இல்லை, அவரும் கழுத்துவலிக்கு வரிசையில் நின்றவர்தான். ஆனால் யாரும் லீவு கேட்காததையும், யாரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாயாததையும் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு ஒரு யோசனை தோன்றாமல் இருந்தால்தான் அதிசயம். "ஏம்ப்பா, வலிதான் இல்லீல்ல, நாலு தறி பாக்கற எடத்துல ஆறு பாத்தா என்ன?" என்றார். ஆறு பார்த்தார்கள். தீபாவளி ஆர்டர் குவிந்ததும் எட்டு ஆனது. எட்டும் பார்த்தார்கள். வலிக்கவில்லை, அதனால் முடியாது என்று சொல்ல ஒருவருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

அதன் பிறகு வலி புதிதாக வருவதே நின்றுபோனது. கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு யாரும் திறக்கவில்லை என்று திரும்பிப் போகிற ஆள் மாதிரி, உடம்பு சேதி அனுப்புவதை விட்டுவிட்டது. டீக்கடையில் ஒருவர் கொதிக்கிற பாய்லரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அரசியல் பேசிக்கொண்டிருந்தார், தோல் கருகிய வாடை வந்த பிறகு மற்றவர்கள் பார்த்து இழுத்தார்கள். சோறு சாப்பிட்ட ஒருத்தி நாக்கைக் கடித்து ரத்தம் வழிய மென்றுகொண்டிருந்தாள். நாங்கள் சிரித்தோம். அலுப்பு ஒன்றை மட்டும் வெள்ளையம்மா வாங்கிக்கொள்வதில்லை என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தோம். வலிக்காத உடம்பிலும் அது அப்படியே கிடந்தது, ஈரத் துணி மாதிரி கனத்தது, அதற்கு எந்த வரிசையில் போய் நிற்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள், கலாமணியின் எட்டாவது தறியிலிருந்து நாடா தெறித்தது. ஊடை நூலைச் சுமந்துகொண்டு தறிக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்கிற மரக்கட்டைதான் நாடா, இரண்டு முனையிலும் இரும்புக் கூர் இருக்கும். அது பறந்து வந்து கலாமணியின் இடது பாதத்தில் குத்தி நின்றது. பக்கத்துத் தறிக்காரி கையசைத்துக் காட்டிய பிறகுதான் கலாமணி குனிந்து பார்த்தாள். பிடுங்கி, ரத்தத்தை முந்தானையில் துடைத்து, நாடாவைத் தறியில் போட்டு, தறியைத் திரும்ப ஓட விட்டாள்.

பாதம் வீங்கியது, நிறம் மாறியது, ஒற்றை அறை வீட்டில் ஒரு வாடை வந்தது. மௌனிகா பிடிவாதம் பிடித்து, வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா பாதத்தை அழுத்தினார், ஊசியால் குத்தினார், கலாமணி ஜன்னலில் தெரிந்த காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எலும்பு ஒடைஞ்சிருக்கும்மா. புண்ணு உள்ளுக்குள்ள ஓடிருக்கு. இன்னைக்கே அட்மிட் ஆகணும். இந்தக் கால்ல இன்னும் பத்து நாள் நின்னீங்கன்னா காலையே எடுக்க வேண்டி வரும்."

"வலிக்கவே இல்லீங்களே" என்றாள் கலாமணி.

"அதுதாம்மா பயமா இருக்கு."

"தீவாளி முடியட்டுங்க, வந்தர்றேன்."

தீபாவளிக்கு அதைவிட அதிக நாள் இருந்தது. மௌனிகா அழுதாள், சோறு தின்ன மாட்டேன் என்றாள், கதவுக்குக் குறுக்கே படுத்தாள். கலாமணி அவளைத் தாண்டிக் காலை எடுத்து வைத்து வேலைக்குப் போனாள். அவளைக் கோபித்துப் பயனில்லை. கால் போய்விடும் என்பதை அவள் காது கேட்டது, ஆனால் காலே சொல்லாத ஒன்றை அவள் எப்படி நம்புவாள்? டீச்சரும் குடோன் வாசல் வரைக்கும் போய்ச் சொல்லிப் பார்த்தார். "உங்க முழங்காலு எப்படிங் டீச்சர் இருக்குது?" என்று கலாமணி கேட்டதும், ரோட்டைத் தாண்டித் திரும்பி வந்தார்.

வெள்ளையம்மாவைத் துடைப்பது ஐந்தாம் வகுப்பின் முறை. எல்லோரும் பிடித்துப் பிடித்து அவளுடைய வலது கை வழவழத்துப் போயிருந்தது. இடது கையை யாருமே தொட்டதில்லை, கை கொடுப்பதென்றால் வலதுதானே கொடுப்போம். இந்தத் தடவை மௌனிகா தூசி தட்டுவதற்காக இடது கையைத் தூக்கினாள். தூக்கியதும் அவளுடைய இடது பாதத்தில் ஒரு வலி இறங்கியது. ஆணி அடித்ததுபோல் இருந்தது. கத்திக்கொண்டு கையை விட்டாள், விட்டதும் வலி வந்த வழியே திரும்பிப் போனது. தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள், ஒரு கீறல்கூட இல்லை. நாடா குத்திய அதே இடம். அம்மாவிடம் வராமல் போன வலி நேராக இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. வலது கையால் வாங்கிக்கொள்கிறவள் இடது கையால் திருப்பித் தருகிறாள் என்று மௌனிகாவுக்குப் புரிந்தது. யாரிடமும் சொல்லாமல், அம்மாவை எப்படி இங்கே கூட்டி வருவது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். அம்மா இப்போதெல்லாம் வருவதில்லை, வலியே வராதவளுக்கு இங்கே என்ன வேலை?

மறுநாள் பள்ளியைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். அவருக்கும் அது அன்றைக்கு எத்தனையாவது பள்ளியோ, முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, முதுகெலும்புத் தொடரில் எத்தனை எலும்பு என்று கேட்டார்.

"முப்பத்து மூணுங் சார், ஒரு ஸ்பிரிங்" என்றான் நாலாம் வகுப்பில் ஒருவன்.

எலும்புக்கூடு வரையச் சொன்னார். வரைந்தார்கள். தலை தொங்கி, தோள் சரிந்து, முழங்கால் மடங்கி, அத்தனை சிலேட்டிலும் அத்தனை எலும்புக்கூடும் கூன் போட்டு நின்றன.

"என்னம்மா இது, மனுஷன் இப்படியா இருப்பான்?"

"எங்கூருல இப்படித்தானுங் சார் இருப்பாங்க" என்றாள் மௌனிகா.

அதிகாரி டீச்சரைப் பார்த்தார், வெள்ளையம்மாவைப் பார்த்தார், எண்ணெய் வழிந்த தரையைப் பார்த்தார். இந்தப் பொருள் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறது, நாளை மத்தியானம் வண்டி வரும், ஏற்றி அனுப்பிவிடுங்கள், அடுத்த வருடம் புதிது வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் இதையும் அதிகம் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. வலிதான் வருவதே இல்லையே, வெள்ளையம்மா இருந்தால் என்ன, போனால் என்ன? மௌனிகா ஒருத்திக்குத்தான் அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. வண்டி போனால் அம்மாவின் கால் அம்மாவிடம் சொல்ல வேண்டிய சேதியும் அதோடு போய்விடும்.

மறுநாள் மத்தியானம் வண்டி வந்து ஓடைப் பாலத்தில் திரும்பும்போதே அவள் சாக்கடையைத் தாண்டிக் குடோனுக்குள் ஓடினாள்.

"அம்மா, அஞ்சே நிமிசம், ஸ்கூலுக்கு வா!"

"எட்டுத் தறி ஓடுதுடி. போ அக்கட்டால!"

திரும்பி ஓடி வந்து வெள்ளையம்மாவைத் தள்ளிப் பார்த்தாள். சக்கரம் அசையவில்லை. தறி எண்ணெய் தன் வேலையைச் செய்திருந்தது. அம்மா இங்கே வர மாட்டாள், வெள்ளையம்மா அங்கே வர மாட்டாள், நடுவில் ஒரு ரோடு. மௌனிகா வாசற்படியில் நின்று ஒரு தடவை மூச்சை இழுத்துக்கொண்டு, தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்:

"நரம்பு விளையாட்டு! வெள்ளையம்மாதான் கால்விரல், எடது கையப் புடிச்சா வலி திரும்பி வரும், எங்கம்மா வரைக்கும் கடத்தணும்! எல்லாரும் வாங்க!"

ஐந்து வகுப்பும் வந்தது. கைகோத்து, அறையிலிருந்து வராந்தா, வராந்தாவிலிருந்து வாசல், வாசலிலிருந்து ரோடு என்று வரிசை நீண்டது. வண்டிக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்து, பிறகு நிறுத்திவிட்டார். சாக்கடைக்கு மேலே போட்ட கல்லில் ஒருவன், குடோன் வாசலில் ஒருத்தி, தறிகளுக்கு நடுவே இரண்டு பேர், அதற்கப்புறம் மௌனிகா. ஆனால் வரிசையை இந்தப் பக்கம் இழுக்க இழுக்க அந்தப் பக்கத்து முனை வெள்ளையம்மாவைவிட்டு விலகி வந்துவிட்டது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கையை எவ்வளவு நீட்டியும் எட்டவில்லை. ஓர் ஆள் குறைந்தது.

அமலோற்பவம் டீச்சர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வலியில்லாத முழங்காலோடு பஸ் படியேறிய மூன்று மாதமும் அவருக்கு நன்றாகவே இருந்தது. எழுந்து போனால் அது முடிந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எழுந்து போய் ஒரு கையால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் வெள்ளையம்மாவின் இடது கையைப் பிடித்தார்.

தறிச் சத்தத்தில் யாருடைய குரலும் கேட்கவில்லை. வாய்கள் ஒவ்வொன்றாகத் திறப்பது மட்டும் தெரிந்தது. வராந்தாவில் ஒரு வாய், வாசலில் ஒரு வாய், ரோட்டில் அடுத்தடுத்து வாய்கள், ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கணம் இடது காலைத் தூக்கித் துடித்து, அது தனக்கு வந்ததில்லை என்று தெரிந்து, அடுத்த கையை அழுத்தியது. மூன்றாம் வகுப்புக்காரன்கூட வைத்துக்கொள்ளவில்லை. சாக்கடைக் கல்லைத் தாண்டி, குடோன் வாசலைத் தாண்டி, கலாமணியின் வலி மௌனிகாவிடம் வந்து சேர்ந்தது.

அவள் கத்தவில்லை. இத்தனை நாள் இதன்மேல்தான் அம்மா நின்றுகொண்டிருந்தாளா என்று நினைத்தாள். பக்கத்தில் கலாமணி, கண் பாதி மூடி, கை தானாக நூலை முடிந்துகொண்டிருக்க, எட்டுத் தறிக்கு நடுவே நின்றாள். பாவமாக இருந்தது. இதை நானே வைத்துக்கொண்டால் என்ன என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியது. நான் சின்னவள், தாங்கிக்கொள்வேன், அம்மா பாட்டுக்கு இப்படியே இருக்கட்டும். ஒரு நூல் முடிகிற நேரம் அப்படியே நின்றாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து, தன் பலம் முழுவதையும் சேர்த்து அழுத்தினாள்.

கலாமணி தறியை நிறுத்தினாள். முதல் தறியை, பிறகு கைக்கெட்டிய அடுத்த தறியை. பிறகு, "அம்மாடி" என்று சொல்லி, சிமென்ட் தரையில், பஞ்சுத்தூளுக்கு நடுவே, இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்தாள்.

என்னவோ ஏதோ என்று ஓடிவந்த பக்கத்துத் தறிக்காரி அவள் தோளைத் தொட்டதும் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளைத் தூக்க வந்தவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிள்ளைகளின் வரிசையில் வலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன, கைக்குக் கை மாறி, ஆளைத் தேடி, அடுத்த குடோனுக்கும் அதற்கடுத்த தெருவுக்கும் போயின. மேஸ்திரி உட்கார்ந்தார். அர்த்தநாரி முதலாளி, "எந்திரி கலாமணி, ஆர்டரு..." என்று ஆரம்பித்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு நூல் மூட்டைமேல் சரிந்தார். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாம் நின்றதும் ஓடைத் தண்ணீரின் சத்தம் கேட்டது. அதைக் கேட்டுப் பழக்கமில்லாத கைக்குழந்தைகள் வீறிட்டன. பள்ளிக்கூடத்தில் ஒரு ஸ்பிரிங் தெறித்துத் தரையில் உருண்டது. அங்கே அமலோற்பவம் டீச்சர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அவருக்கு முன்னால் வெள்ளையம்மா பாடப்புத்தகத்தில் இருப்பதைப் போல நிமிர்ந்து நின்றாள்.

கால் தப்பியது, அதை இப்போதே சொல்லிவிடுகிறோம். எலும்புக்கூட்டை ஏற்ற வந்த வண்டிதான் கலாமணியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது. ஆனால் அது பிறகு நடந்தது. அப்போது வண்டி வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தது, குடோனுக்குள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், மௌனிகா அம்மாவின் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்திருந்தாள்.

"வலிக்குதாம்மா?" என்று கேட்டாள். கத்திக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"வலிக்குது கண்ணு" என்றாள் கலாமணி. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "அப்பா, என்னமா வலிக்குது."

"வண்டி நிக்குதும்மா. ஆஸ்பத்திரிக்குப் போலாம், எந்திரி."

கலாமணி நின்றுபோன எட்டுத் தறியையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"போலாம் சாமி. இன்னுங் கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்" என்றாள்.

அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை.